காலை வாரிவிடும் சொற்கள்: வாசிப்பில் பொருள் பிடிக்கப் பழகுவது எப்படி?

தலைப்பைப் பார்த்ததும் ஒரு கணமாவது விடியற்பொழுது நினைவுக்கு வந்ததா? 'கால்' என்பதோடு 'ஐ' சேர்ந்தாலும் 'காலை'. பொழுதின் பெயரும் 'காலை'. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளிகூட வேறுபாடு கிடையாது. அடுத்து வந்த 'வாரிவிடும்' என்ற வினைதான் உங்களைச் சரியான பக்கம் திருப்பியது. அந்த வினையும் நேர்ப்பொருளில் வரவில்லை. யாரும் குனிந்து யாருடைய காலையும் பிடித்து இழுக்கவில்லை; நம்பி நின்றவரைக் கவிழ்த்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். தலைப்பின் முதல் இரண்டு சொற்களுக்குள் நீங்கள் இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறீர்கள், எடுத்தது தெரியாமலே. பழகிய வாசகர் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறார். புதியவர் அதே வேலையைக் கொஞ்ச நாள் நிதானமாக, தெரிந்தே செய்ய வேண்டியிருக்கிறது.

பேச்சுத் தமிழ் நன்றாக வந்தும் புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறவர்கள், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள், நெடுநாள் கழித்து வாசிப்புக்குத் திரும்புகிறவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "எனக்குச் சொல்வளம் போதவில்லை." எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். தெரியாத சொல் அவ்வளவு கெடுதல் செய்யாது. தெரியவில்லை என்பது நமக்கே தெரியும். நின்று பார்ப்போம், யாரையாவது கேட்போம். தெரிந்த முகத்தோடு வந்து வேறு பொருள் தரும் சொல்தான் வாசகரைக் குழியில் தள்ளுகிறது.

என் கதையையே சொல்கிறேன். இரங்கல் செய்திகளில் 'அன்னாரின் பூதவுடல்' என்று சிறு வயதில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பேயும் பூதமும்தான் கண்முன் வரும். இறந்தவர் பூதமாகிவிட்டார் போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். நிலம், நீர், தீ, காற்று, வானம் என்ற ஐம்பூதங்களால் ஆன உடல் என்பது புரிய வெகுகாலம் ஆயிற்று. 'பூதவுடல் மறைந்தாலும் புகழுடம்பு மறையாது' என்ற வரியைப் பார்த்த அன்றுதான் பொறி தட்டியது. எதிரே நின்ற 'புகழுடம்பு' இல்லாவிட்டால் இன்னும் பல வருடம் பூதத்தோடுதான் காலம் தள்ளியிருப்பேன்.

முதல் படி: பத்தியை முடியுங்கள், பிறகு நில்லுங்கள்

புரியாத சொல் வந்ததும் கை தானாக அகராதிக்கோ அலைபேசிக்கோ போகிறது. அதைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள். பென்சிலால் மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான். பத்தி முடியும் வரை படித்துக்கொண்டே போங்கள். கோடு போட்ட சொற்களில் சில இரண்டு வரி தள்ளித் தாமாகவே விளங்கிவிடும். சில சொற்கள் விளங்காவிட்டாலும் கதைக்கு நட்டம் இருக்காது. மீதிதான் உங்கள் வேலை.

கோடு போட வேண்டியவை தெரியாத சொற்கள் மட்டும் அல்ல. தெரிந்த சொல்தான், ஆனால் இந்த இடத்தில் எங்கோ இடிக்கிறது என்று தோன்றினால் அதற்கும் கோடு போடுங்கள். 'தலைவர் மறைந்தார்' என்று படித்து, எதன் பின்னால் ஒளிந்துகொண்டார் என்று ஒரு நொடி நெருடினால், அந்த நெருடல் சரியானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு மேலே போகிறவர்களால்தான் நன்றாக வாசிக்க முடியாமல் போகிறது.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

தமிழில் சொல் தெரியவில்லை என்று நாம் நினைக்கும் பல இடங்களில் சொல் தெரியும். அது போட்டிருக்கும் வேடம்தான் தெரியாது. 'கற்சிலை'யில் உள்ள 'கற்' எந்த அகராதியிலும் தனியே கிடைக்காது. அது கல். 'முட்செடி' என்பது முள், செடி. 'பொற்குடம்' பொன்னால் ஆனது. 'மட்குடம்' மண்ணால் ஆனது. ஒரு சொல்லின் நடுவே 'ற்' வந்து அடுத்து வல்லினம் நின்றால், பிரிக்கும்போது 'ல்' அல்லது 'ன்' போட்டுப் பாருங்கள். 'ட்' வந்தால் 'ள்' அல்லது 'ண்'. எல்லா இடத்துக்கும் செல்லாது என்றாலும், பாதிக் கதவுகளைத் திறக்க இந்தச் சாவி போதும்.

வினைச்சொற்களிலும் இதே கண்ணாமூச்சிதான். அகராதிகள் பெரும்பாலும் வினையின் அடியைத்தான் தலைச்சொல்லாக வைக்கின்றன. 'நின்றான்' என்பதை 'நில்' என்றும், 'கண்டான்' என்பதை 'காண்' என்றும் தேட வேண்டும். 'வெந்தது' என்பதற்கு அடி 'வே'. 'நொந்தான்' என்பதற்கு 'நோ'. 'செத்தான்' என்பதற்கு 'சா'. ஓரெழுத்து அடிகள் என்பதால் இவைதான் புதியவர்களை மிகவும் அலைக்கழிக்கின்றன.

உருபு ஏறும்போது நடக்கும் மாற்றம் சில நேரம் நமக்குச் சாதகமாகவும் இருக்கும். 'ஆறு' என்றால் எண்ணா, நதியா? தனியே நின்றால் தெரியாது. 'ஆற்றில் ஒரு படகு' என்றால் நதி. 'ஆறில் ஒரு பங்கு' என்றால் எண்.

மூன்றாம் படி: வினை, இனம், சார்பு

பல பொருள் தரும் ஒரு சொல்லுக்கு எந்தப் பொருளைக் கொள்வது என்ற கேள்வியைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. அது தரும் விடை மூன்றே சொற்கள்: வினை, இனம், சார்பு. அந்தச் சொல்லோடு வரும் வினை என்ன, கூட நிற்கும் சொற்கள் எந்த இனம், பேசப்படும் சூழல் எது என்று பார். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து இதை விளக்குவார்கள். 'மா பூத்தது' என்றால், பூப்பது மரம்தான், வினை காட்டிக்கொடுத்துவிட்டது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால், பக்கத்தில் மருதமரம் நிற்பதால் இதுவும் மரம், இனம் காட்டிக்கொடுத்தது. கவசம் அணிந்து நிற்கும் வீரன் 'மா கொண்டு வா' என்றால் அவன் கேட்பது குதிரை, அது சார்பு. (இன்றைய வாசகருக்கு 'மா' என்றதும் அரைத்த மாவுதான் முதலில் நினைவுக்கு வரும். போருக்குப் புறப்படுகிறவனிடம் மாவை நீட்டினால் என்ன ஆகும் என்பது வேறு கதை.)

இந்த மூன்று கேள்விகளை இன்றைய உரைநடையிலும் அப்படியே கேட்கலாம். 'திங்கள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிலா, மாதம், வாரத்தின் ஒரு நாள் என மூன்று பொருள். 'திங்கள் உதித்தது' என்றால் வினையே போதும். 'இரண்டு திங்கள் கழிந்தன' என்றால் எண்ணும் வினையும் சேர்ந்து மாதம் என்கின்றன. 'ஞாயிறும் திங்களும்' என்றால்? இனத்தைப் பார்த்தால் இங்கே கை கொடுக்காது. சூரியனும் நிலாவும் ஓர் இனம். வாரத்தின் இரு நாள்களும் ஓர் இனம். 'ஞாயிறும் திங்களும் விடுமுறை' என்று வாக்கியம் முடிந்த பிறகுதான் தெளிவு பிறக்கிறது. ஒரு கேள்வி தோற்றால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். முதல் விடையிலேயே குந்திவிடக் கூடாது.

இன்னொன்று. இதைச் சத்தமாகப் படியுங்கள்:

'நான் சொன்னபடி இந்தப் படியில் உட்கார்ந்து கடிதத்தின் படியைப் படி.'

நான்கு 'படி'கள், நான்கு பொருள்கள். 'சொன்ன' என்ற எச்சத்தோடு ஒட்டியது 'சொன்ன விதமாக' என்கிறது. 'இல்' ஏறியது உட்காரும் இடம். 'ஐ' ஏறியது நகல், ஏனென்றால் அதற்கு முன் 'கடிதத்தின்' நிற்கிறது. ஒன்றும் ஏறாமல் வாக்கியத்தின் கடைசியில் வெறுமனே நிற்பது கட்டளை. தமிழில் உருபும் விகுதியும் சொல்லின் வாலில் தொங்கும் சிறு குறிப்புகள். வேகமாகப் படிக்கும்போது கண் சொல்லின் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. புதியவர்கள் வாலைப் பார்க்கப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பழைய நூல்களுக்குப் போனால் இந்தப் பயிற்சி இன்னும் கைகொடுக்கும். 'கடி' என்ற உரிச்சொல்லுக்கு நன்னூல் 13 பொருள்களை அடுக்குகிறது. காப்பு, கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை என்று போகிற அந்தப் பட்டியலில் பல்லால் கடிப்பது இல்லை. 'கடிநகர்' என்றால் காவல் மிகுந்த நகர். 'கடிமலர்' என்றால் மணமுள்ள மலர். நகரத்துக்குக் காவல் பொருந்தும், மலருக்கு மணம் பொருந்தும். பட்டியலை மனப்பாடம் செய்யாமலே பாதி தூரம் வந்துவிட்டோம்.

நான்காம் படி: வாக்கியம் தானே தரும் சாடைகள்

எழுதுபவர் பல நேரம் பொருளைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் போகிறார். 'அதாவது', 'என்றால்', 'எனப்படும்' ஆகியவை வெளிப்படையான சாடைகள். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'போன்ற', 'முதலிய' என்று வந்தால் முன்னால் உள்ள பட்டியல் ஒரே வகை. 'ஆந்தை, கூகை, கோட்டான் போன்ற இரவுப் பறவைகள்' என்றால் கோட்டானைப் பார்த்திராதவருக்கும் அது என்னவென்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் மறைவாக இருப்பது 'ஓ'. 'அக்காள் சிக்கனக்காரி, தங்கையோ ஊதாரி.' தங்கையோடு ஒட்டிய அந்த ஓரெழுத்து, இனி வருவது முன்னதற்கு நேர்மாறு என்று சொல்லிவிடுகிறது. ஊதாரி என்ற சொல் தெரியாவிட்டாலும் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறவள் என்று ஊகிக்கலாம். 'ஆனால்', 'மாறாக', 'இருந்தாலும்' எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. 'ஓ' மட்டும் கண்ணில் படாமல் செய்கிறது.

தமிழில் உள்ள இன்னொரு வசதி இணைமொழி. சீரும் சிறப்பும், நோய் நொடி, ஈடு இணை என்று ஒத்த பொருள் கொண்ட இரண்டு சொற்கள் கைகோத்து வந்தால் அது நேரிணை. மேடு பள்ளம், உயர்வு தாழ்வு என்று முரண்பட்டு வந்தால் எதிரிணை. 'நொடி' என்றதும் நமக்கு நேரம்தான் தோன்றும். ஆனால் நோயோடு சேர்ந்து வரும் நொடிக்கும் கடிகாரத்துக்கும் தொடர்பில்லை. அது நோயின் கூட்டாளி. இணையில் பாதி தெரிந்தால் மீதியை எட்டிப் பிடித்துவிடலாம். நேரிணையா எதிரிணையா என்பதை மட்டும் வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

செய்யுளில் இந்த இணை ஓர் அடி தள்ளியும் வரும். 'கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு / மாடல்ல மற்றை யவை' என்பது திருக்குறளின் 400ஆவது பாடல். 'மாடல்ல' என்ற இடத்தில் பலர் கால்நடையைத் தேடுவார்கள். முதல் அடி கல்வியை அழியாத செல்வம் என்கிறது. இரண்டாம் அடி மற்றவை எதுவோ 'அல்ல' என்கிறது. எது அல்ல? செல்வம் அல்ல. 'மாடு' என்பதற்குச் செல்வம் என்ற பழைய பொருள் உண்டு என்பதை அகராதி பிறகு உறுதி செய்யும். பாட்டே முதலில் அதைச் சொல்லிவிட்டது.

ஐந்தாம் படி: நேர்ப்பொருள் நடக்கக்கூடியதா?

ஒரு வாக்கியத்தை அப்படியே படமாக வரைய முடியுமா என்று கேளுங்கள். 'புலி போலப் பாய்ந்தான்' என்பதை வரையலாம். 'ஊரே சிரித்தது' என்பதை எப்படி வரைவீர்கள்? தெருக்களும் சுவர்களும் சிரிக்காது. ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவதால் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். படம் வரைய முடியாமல் கை நிற்கும் இடத்தில்தான் எழுதியவர் வேறு எதையோ சொல்கிறார்.

உவமை வந்தால், எது எதைப் போல என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த வகையில் போல என்று கேளுங்கள். தொல்காப்பிய உவமையியல் இதற்கும் ஓர் அளவுகோல் தருகிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை செயலில். மழை போலக் கொடுத்தான் என்றால் பயனில். துடி போன்ற இடை என்றால் வடிவில். பவளம் போன்ற வாய் என்றால் நிறத்தில். பவளம் கெட்டியானது என்பதற்காக அவள் வாயும் கெட்டி என்று யாரும் கொள்வதில்லை. தவறான ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் உவமை நம்மை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

சில உவமைகள் இரண்டு பக்கமும் வெட்டும். 'அந்தக் குடும்பத்துக்கு அவர் ஆலமரம்' என்று ஒரு கதையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் தருகிறவர், எல்லாரையும் தாங்குகிறவர் என்றுதான் முதலில் தோன்றும். பத்துப் பக்கம் தள்ளி, அவருடைய மகன்களில் ஒருவனும் தனியாகத் தலையெடுக்கவில்லை என்று தெரிய வரும்போது, ஆலமரத்தின் அடியில் வேறு மரம் வளராது என்பது உறைக்கும். உவமை மாறவில்லை; சார்பு மாறிவிட்டது. நல்ல எழுத்தாளர்கள் இப்படி ஒரு சொல்லைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதனால் முதல் ஊகத்தை எப்போதும் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்.

'போல' எங்கே என்று தேடி ஏமாறவும் வேண்டாம். 'சிலையாக நின்றான்', 'மெழுகாய் உருகினாள்' என்ற இடங்களில் 'ஆக', 'ஆய்' அந்த வேலையைச் செய்கின்றன. சில இடங்களில் அதுவும் இருக்காது. சொற்களின் வரிசையே பேசும். 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், இது உவமை. 'முகமலர்' என்றால் முகமாகிய மலர், இது உருவகம். ஒப்பிடப்படும் பொருள் முன்னால் வந்து உவமானம் பின்னால் போனால், இரண்டும் வேறு என்ற எண்ணத்தையே எழுதியவர் அழித்துவிட்டார்.

இனி மரபுத்தொடர். சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பொருள் பார்த்தால் இது கைக்கு அகப்படாது. 'கம்பி நீட்டினான்' என்றால் ஓடிவிட்டான். 'கம்பி எண்ணுகிறான்' என்றால் சிறையில் இருக்கிறான். கம்பி பொது, இரண்டு வினைகளும் இரண்டு எதிர்த் திசைகளில் கொண்டுபோய் விடுகின்றன. எனவே மரபுத்தொடரை முழுசாகத்தான் கற்க வேண்டும்.

அது மரபுத்தொடரா, நேர்ப்பொருளா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'குளித்துவிட்டுக் கையைக் கழுவினான்', 'நண்பனைக் கைகழுவினான்' என்ற இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் கழுவப்படுவது கை. 'ஐ' அதில்தான் இருக்கிறது. இரண்டாவதில் 'ஐ' நண்பன் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கையும் கழுவுதலும் ஒட்டிக்கொண்டு ஒரே வினையாகிவிட்டன. ஒரு மனிதனைத் தண்ணீர் ஊற்றிக் கைகழுவ முடியாது. ஆகவே அவனை விட்டு விலகினான். 'கையை விரித்தான்' போன்ற தொடர்களில் மரபுப் பொருளிலும் 'ஐ' கையிலேயே இருக்கும். அங்கே சார்பைத்தான் நம்ப வேண்டும்: முன்னால் யாராவது உதவி கேட்டார்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அவன் முடியாது என்று சொல்லிவிட்டான்.

எண்களையும் நம்பாதீர்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதில் உள்ள நாலு நாலல்ல. 'ஆயிரம் வேலை இருக்கிறது' என்றவரிடம் பட்டியல் கேட்க முடியாது. 'நாலு எழுத்துப் படித்தவன்' நான்கே எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டவனும் அல்ல.

ஊகத்தால் எட்ட முடியாதவையும் உண்டு. 'இலவு காத்த கிளி போல' என்பதைச் சூழலை வைத்துப் பார்த்தால் ஏமாற்றம் என்ற அளவில் தெரியும். ஆனால் இலவங்காய் பழுக்கும் என்று கிளி காத்திருந்ததும், கடைசியில் அது வெடித்துப் பஞ்சாய்ப் பறந்ததும் தெரிந்தால்தான் அந்தத் தொடரின் வலி தெரியும். இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வழி இல்லை. வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

ஆறாம் படி: துணைக்கு வந்த வினையும் குரலும்

வழிகாட்டிகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் இடம் இது. 'சொல்' என்ற வினையோடு வேறு வினைகளைச் சேர்த்துப் பாருங்கள். சொல்லிவிட்டான்: காரியம் முடிந்தது, சில நேரம் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்ற தொனியும் உண்டு. சொல்லிப்பார்த்தான்: முயன்றான், பலித்ததா என்பது தெரியாது, பெரும்பாலும் பலிக்கவில்லை. சொல்லிவைத்தான்: பின்னால் உதவட்டும் என்று முன்கூட்டியே சொன்னான். சொல்லித்தொலைத்தான்: சொன்னதில் யாருக்கோ எரிச்சல். சொல்லிக்கிழித்தான்: உண்மையில் எதுவும் சொல்லவில்லை, அல்லது சொன்னது எதற்கும் உதவவில்லை.

பார்த்தல், வைத்தல், தொலைத்தல், கிழித்தல் எதுவும் இங்கே நேர்ப்பொருளில் நடக்கவில்லை. ஒரு வினையெச்சத்தின் பின்னால் ஒட்டி நிற்கும் வினையைத் தனியே அகராதியில் தேடினால் 'காணாமல் போக்கு', 'துண்டாக்கு' என்றெல்லாம் கிடைத்து, வாக்கியம் நாறிப்போகும். அந்த இரண்டாம் வினை தருவது எழுதியவரின், அல்லது பாத்திரத்தின், மனநிலை.

'ஆம்' என்ற விகுதியும் அப்படித்தான். 'அவர் பெரிய அறிஞர்' என்பது தகவல். 'அவர் பெரிய அறிஞராம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டது. சொல்பவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. முன்பின் வாக்கியங்கள் கசப்பாக இருந்தால், அந்த 'ஆம்' கேலி. புகழ்ச்சி வரும்போதெல்லாம் ஒரு சோதனை செய்யுங்கள்: இந்தப் புகழுக்கு ஏற்ற செயல் இந்தப் பக்கத்தில் எங்காவது நடந்திருக்கிறதா? நடக்கவில்லை என்றால் அது புகழே அல்ல.

ஒரு பத்தியில் எல்லாவற்றையும் செய்து பார்ப்போம்

'கடிதத்தைப் படித்ததும் அவன் முகம் இருண்டது. மூன்று வருடமாக நம்பியிருந்த கூட்டாளி கம்பி நீட்டிவிட்டான். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினான்; எண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தன. "ரொம்ப நல்ல காரியம் செய்தாய்" என்று எதிரே இருந்த காலி நாற்காலியிடம் சொன்னான். வெளியே மழை விட்டபாடில்லை. குடையை எடுத்தான். பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டு இறங்கி நடந்தான்.'

முகம் இருண்டது: விளக்கு அணையவில்லை. கடிதத்துக்குப் பிறகு வருவதால் உள்ளே இருந்தது செய்தி, அதுவும் கெட்ட செய்தி. அடுத்த வாக்கியம் 'மூன்று வருடமாக நம்பியிருந்த' என்று தொடங்கி 'விட்டான்' என்று முடிகிறது. கம்பி நீட்டுதல் தெரியாதவரும் நம்பிக்கை முறிந்தது என்ற வரை வந்துவிடலாம். காலியாக இருக்கும் நாற்காலி அவன் ஓடிவிட்டான் என்பதையும் தருகிறது. எண்கள் சிரிக்கா. கணக்குப் புத்தகத்தில் உள்ள எண்கள் என்பதால் இது பண நட்டம். 'பார்த்து' என்ற சொல் அதை ஏளனச் சிரிப்பாக்குகிறது. நல்ல காரியம் என்ற பாராட்டுக்கு ஏற்ற செயல் எதுவும் நடக்கவில்லை, ஆகவே கசப்பு. 'விட்டபாடில்லை' என்பதில் பாட்டும் இல்லை, பாடுபடுதலும் இல்லை. நிற்கும் அறிகுறியே காணோம் என்று பொருள். அடுத்துக் குடை வருவதால் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைசி இரண்டு வாக்கியங்களில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பத்தியின் கனம் அங்கேதான். மழை பெய்கிறது என்று தெரிந்து, குடையையும் எடுத்த ஒருவன் அதை ஏன் வைத்துவிட்டுப் போகிறான்? நனைவது இனி அவனுக்குப் பொருட்டல்ல என்று நான் வாசிக்கிறேன். அந்தக் குடை கூட்டாளியுடையது, அதைத் தொடப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்கும் இடம் உண்டு. குடை உடைந்திருந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்தியில் அதற்கு ஒரு சாடையும் இல்லை. ஊகத்துக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் கையில் சான்று இருக்க வேண்டும்.

ஏழாம் படி: இப்போது அகராதி

ஊகித்த பொருளை அந்தச் சொல்லின் இடத்தில் வைத்து, வாக்கியத்தையும் அடுத்த இரண்டு வாக்கியங்களையும் படியுங்கள். தடையில்லாமல் ஓடினால் பெரும்பாலும் சரி. அதன் பிறகு அகராதியைத் திறங்கள், ஊகத்தைச் சரிபார்க்க. இந்த வரிசை முக்கியம். முதலிலேயே திறந்தால், ஏழெட்டுப் பொருள்களில் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவோம். கையில் ஓர் ஊகத்தோடு போனால், தேடுவது எது என்று தெரிந்தே பட்டியலைப் பார்ப்போம்.

எந்த அகராதி என்பதும் வாசிக்கும் நூலைப் பொறுத்தது. பழைய இலக்கியத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் கைகொடுக்கும். இன்றைய கதை, கட்டுரைகளுக்கு 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருத்தம். பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருவதால், உங்கள் வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் வம்புதான். பழம்பாடலில் 'நாற்றம்' என்றால் மணம். இன்றைய கதையில் அதே சொல்லைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருளாகத் தந்த சொல்லும் தெரியாமல், அதற்கும் பொருள் தேடிப் போவது வழக்கமாக நடப்பதுதான். 'பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே' என்று தொல்காப்பியம் உரியியலில் எச்சரிக்கிறது: பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை கிடையாது. இரண்டு முறைக்கு மேல் தாவினால் அகராதியை மூடிவிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குத் திரும்புங்கள்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. சொல்லையும் பொருளையும் மட்டும் இரண்டு பத்திகளாக எழுதாதீர்கள். நான் அப்படி மூன்று குறிப்பேடுகளை நிரப்பினேன், ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. சொல் வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் முதல் ஊகம், அதன் கீழே சரியான பொருள். தவறிய ஊகங்களை அடிக்காமல் விட்டுவையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நீங்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறீர்கள் என்று தெரியும்: உருபிலா, துணைவினையிலா, கேலியைக் கவனிக்காததிலா.

பயிற்சிக்கு ஒன்று

'மாமா வந்து இறங்கியதும் வீடு மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் வாயைத் திறந்தால் முத்து உதிரும் என்று அத்தை முன்பே சொல்லிவைத்திருந்தாள். இரண்டு நாளாக ஒரு முத்தும் உதிரவில்லை. மூன்றாம் நாள் காலை, செய்தித்தாளை மடித்துவிட்டு, "நாலு பேர் வந்து போகிற வீடு மாதிரித் தெரியவில்லையே" என்றார். அத்தை அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேசத் தொடங்கினாள்.'

மூச்சை அடக்கிக்கொண்ட வீடு யார்? 'சொல்லிவைத்திருந்தாள்' என்பதில் அந்த 'வைத்து' என்ன சேர்க்கிறது? முத்து முதல் முறை வரும்போது இருக்கும் தொனியும் இரண்டாம் முறை வரும்போது இருக்கும் தொனியும் ஒன்றா? இங்கே வரும் 'காலை' எந்தக் காலை, அதை எந்தச் சொல் காட்டிக்கொடுத்தது? நாலு பேர் எத்தனை பேர்? கடைசி வாக்கியத்துக்கு எந்த அகராதியும் உதவாது. அடுக்களையிலிருந்து என்ன ஓசை வந்திருக்கும் என்று யோசியுங்கள்.